ஜோனி மிட்செலின் ஜாஸ் ஆல்பங்கள்: வடசென்னையில் புதிதாகக் கேட்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஜோனி மிட்செலை எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்குவது என்று யாரைக் கேட்டாலும், பெரும்பாலும் கிடைக்கும் பதில் 1971-இல் வெளிவந்த 'புளூ' என்பதுதான். அது அருமையான ஆல்பம் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனாலும் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ திரையிசையும் கானாவும் கேட்டு வளர்ந்து, ஆங்கிலத்தைப் பள்ளிப்பாடமாகப் படித்த ஒருவருக்கு முதலில் அந்த வாசலைக் காட்டுவது பொருத்தமில்லை என்றே கருதுகிறேன். 'புளூ'வின் பெரும்பாலான பாடல்களில் ஒரு குரலும், அதற்குத் துணையாக ஒரு கிட்டாரோ பியானோவோ, மடியில் வைத்து மீட்டும் டல்சிமர் என்ற தந்திக்கருவியோ இருக்குமே தவிர அதிகமாக வேறொன்றும் இராது. பாட்டின் எடை முழுவதும் சொற்களின்மேல் இறங்குவதால், அவற்றை ஓடும் வேகத்திலேயே பிடிக்க இயலாதவருக்கு மூன்றாம் பாடலுக்குள் அலுப்புத் தட்டிவிடும். இதே பாடகி 1974 முதல் 1980 வரை ஜாஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த, கற்பனையாக விரித்து வாசிக்கும் இசை) கலைஞர்களோடு சேர்ந்து பதிவுசெய்தவற்றில், சொல் விளங்குவதற்கு முன்பே காதுக்குப் பிடிகொடுக்கும் விஷயங்கள் நிறைய உண்டு. ஆகவே இந்த வழிகாட்டி அந்த நடுப்பகுதியில் நுழைந்து, பிறகு முன்னும் பின்னும் செல்கிறது.

அவரைப் பற்றிச் சுருக்கமாக: கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1943 நவம்பர் 7 அன்று பிறந்தவர், சாஸ்கட்டூன் நகரில் வளர்ந்தவர், 1968 முதல் 2007 வரை 19 ஸ்டுடியோ ஆல்பங்கள் தந்தவர். பாட்டெழுதி, மெட்டமைத்து, கிட்டாரும் பியானோவும் வாசித்துப் பாடியதோடு, பெரும்பாலான ஆல்பங்களைத் தாமே தயாரித்து, பல அட்டைப்படங்களையும் தாமே வரைந்தார்.

கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

முதல் வேலை, கைப்பேசியின் ஒலிபெருக்கியை மறப்பது. அந்தச் சிறிய ஒலிபெருக்கியால் பாஸ் கிட்டாரின் தாழ்ந்த சுரங்களை எழுப்பவே முடியாது. 1976 முதலான ஜோனி மிட்செலில் பாஸ் கிட்டாரை எடுத்துவிட்டால் பாதிப் பாட்டு காணாமற்போகும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பர்மா பஜாரில் கிடைக்கும் கம்பி வைத்த இயர்போனே போதும். ஆனால் அதன் ரப்பர் முனை காதுத் துளையைச் சரியாக அடைக்க வேண்டும். மூன்று அளவுகளில் முனைகள் தருவார்கள். பெட்டியிலிருந்து வந்த அளவையே மாட்டிக்கொண்டு பாஸ் சரியில்லை என்று குறைப்படுபவர்கள்தான் அதிகம். முனையை மாற்றிப் பார்த்து, விரலால் லேசாக அழுத்தும்போது பாஸ் கூடவில்லை என்றால் பொருத்தம் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது வேலை, கைப்பேசியில் 'பாஸ் பூஸ்ட்' போன்ற அமைப்புகளை அணைத்துவிடுவது. நம் பக்கத்து ஆட்டோக்களிலும் திருவிழாப் பெட்டிகளிலும் இடி இடிப்பதற்கு அது உதவும். இங்கோ, ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே கேட்க வேண்டிய சுரங்களைக் கூழாக்கிவிடும். பாடல் வரிசையைக் கலைத்துப் போடும் 'ஷஃபிள்' வசதியையும் அணைத்துவிட வேண்டும், ஏனெனில் இந்த ஆல்பங்களில் எந்தப் பாட்டுக்கு அடுத்து எது என்பது யோசித்து வைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் அவர் தம் பாடல்களை ஸ்பாட்டிஃபையிலிருந்து விலக்கிக்கொண்டார்; 2024 மார்ச்சில் அவை திரும்ப வந்தன. அந்த இடைவெளியில் தேடிக் கிடைக்காமல் கைவிட்டவர்கள் மீண்டும் தேடலாம்.

மூன்றாவது, நேரம். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்போருக்குச் சொல்லவே வேண்டாம்: கன்டெய்னர் லாரியின் உறுமலும் பாஸ் கிட்டாரும் ஏறத்தாழ ஒரே தாழ்ந்த ஒலிப்பகுதியில் இருப்பதால், லாரி வரிசை நிற்கும் நேரத்தில் ஒலியை எவ்வளவு கூட்டினாலும் பாஸ் மேலே வராது, காதுதான் வலிக்கும். சாலைக்கு எதிர்ப்பக்கத்து அறையோ, ஞாயிறு மதியமோ பரவாயில்லை. விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் செல்லும் மெட்ரோ இரண்டாம் முறை கேட்பதற்கு ஏற்றது; முதல் முறைக்கு வேண்டாம்.

முதற்படி: 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்', 1974

இந்த ஆல்பத்தில் 11 பாடல்கள், மொத்தம் 37 நிமிடங்கள். அதற்கு முன்னர் ராக் தாளத்துக்குப் பழகிய டிரம்ஸ் கலைஞர்கள் தம் பாடல்களின் நடையைப் பிடிக்கத் திணறினார்கள் என்றும், ஜாஸ் வாசிப்பவரைத் தேடும்படி அவர்களில் ஒருவரே சொன்னார் என்றும் அவர் நேர்காணல்களில் கூறியிருக்கிறார். அப்படித் தேடிச் சேர்ந்தவர்கள் சாக்ஸபோன் கலைஞர் டாம் ஸ்காட்டின் எல்.ஏ. எக்ஸ்பிரஸ் குழுவினர், டிரம்ஸுக்கு ஜான் கெரின், பாஸுக்கு மேக்ஸ் பென்னட், கிட்டாருக்கு லாரி கார்ல்டன்.

முதல் முறை கேட்கும்போது சொற்களை விட்டுவிட்டு, இரண்டாம் பாடலான 'ஹெல்ப் மீ'யில் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். குரல் ஒரு வரியை இழுத்து முடிக்கும் இடத்துக்கும், டிரம்ஸ் தன் சுற்றை முடிக்கும் இடத்துக்கும் சின்னஞ்சிறு வேறுபாடு இருப்பதும், அந்த வேறுபாட்டிலேயே பாட்டு மிதப்பதும் இரண்டு மூன்று முறை கேட்டால் பிடிபடும். அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் வந்த அவருடைய ஒரே பாடல் இதுதான். ஏழாம் இடம் வரை சென்றது. அடுத்து 'டவுன் டு யூ'வின் நடுவில் சொல்லே இல்லாமல் வரும் வாத்தியப் பகுதியைக் கேளுங்கள். அந்த இசைக்கோப்புக்காக அவரும் டாம் ஸ்காட்டும் கிராமி விருது பெற்றார்கள்.

கடைசிப் பாடல் 'ட்விஸ்டட்' அவர் எழுதியது அன்று. வார்டெல் கிரே சாக்ஸபோனில் வாசித்த தனி வாசிப்பு ஒன்றுக்கு, சுரத்துக்குச் சுரம் சொல் வைத்துப் பாடகி ஆன்னி ராஸ் பாட்டாக்கியது அது. சிட்டைஸ்வரத்துக்குச் சாகித்யம் எழுதுவதை அறிந்தவர்களுக்கு அந்த முறை உடனே விளங்கும். அவருடைய நாட்டுப்புறச் சாயலை விரும்பிய பழைய ரசிகர்களுக்கு, தாம் போகவிருக்கும் திசையை ஒரு சிரிப்போடு காட்டிவிட்டு ஆல்பத்தை முடித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

இடையில் ஒரு பின்னோக்கு

இப்போது 'புளூ'வை ஒருமுறை கேட்கலாம். டிரம்ஸ் இல்லாத பாடல்களிலும் அவருடைய கிட்டார் மற்றவர்களின் கிட்டாரைப் போல் ஒலிக்காததைக் கவனியுங்கள். ஒன்பது வயதில் போலியோ தாக்கியதால் அவருடைய இடக்கையில் வலு குறைந்திருந்தது. வழக்கமான சுரக்கூட்டுகளை (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) பிடிப்பதற்கு விரல்களை நெருக்கி அழுத்துவது கடினமானதால், கிட்டாரின் தந்திகளையே வெவ்வேறு சுருதிகளுக்கு மாற்றி வைத்து, குறைந்த விரல்களால் நிறைந்த கூட்டுகளை எழுப்பினார். அப்படி அவர் பயன்படுத்திய சுருதி அமைப்புகள் ஐம்பதுக்கும் மேல். அவற்றில் பிறந்த கூட்டுகள் பல, இன்ன சுரத்தில்தான் போய் அமர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல் தொங்கி நிற்பவை. அத்தகைய கூட்டுகளின்மேல் வாசிக்கப் பழகியவர்கள் ஜாஸ் கலைஞர்களே. அவர் ஜாஸுக்குச் சென்றதற்கு அந்தக் காலத்து நாகரிகத்தைக் காட்டிலும் இந்தக் கைதான் முதற்காரணம் என்பது என் கணிப்பு.

1975-இல் வந்த 'தி ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்' ஆல்பத்தைப் பற்றி இங்கே நீட்ட வேண்டியதில்லை. அதில் 'தி ஜங்கிள் லைன்' என்ற ஒரு பாடலை மட்டும் இப்போதைக்குக் கேளுங்கள்: ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டு முரசுகளின் பதிவை எடுத்து, அதன்மேல் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை ஓட்டிப் பாடியிருக்கிறார். பறையிசைக்குப் பழகிய காதுகள் இந்தப் பாட்டில் நெளியாது.

இரண்டாம் படி: 'ஹெஜிரா', 1976

நேரம் குறைவாக உள்ளவர்கள் வேறெதையும் கேட்காமல் இதை மட்டும் கேட்டாலும் தவறில்லை. 9 பாடல்கள், 52 நிமிடங்கள். அமெரிக்காவின் குறுக்கே காரில் சென்ற நெடும் பயணத்தில், பெரும்பகுதி அவர் தனியே ஓட்டிவந்தபோது உருவான பாடல்கள் இவை. பல்லவி என்று தனியே பிரிந்து நிற்பது அநேகமாக எதிலும் இல்லை. ஒரே நடையில் சரணம் சரணமாகச் சென்றுகொண்டே இருக்கும். திரைப்பாட்டின் பல்லவி, அனுபல்லவி, சரண அமைப்புக்குக் காத்திருக்கும் காதுக்கு முதலில் இது ஏமாற்றமாக இருக்கலாம்.

அதனால் இந்த ஆல்பத்துக்குள் பாஸ் கிட்டார் வழியாகச் செல்லுங்கள். 1, 5, 7, 9 ஆகிய நான்கு பாடல்களில் வாசித்திருப்பவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். அப்போது அவருக்கு வயது 24. அவருடையது, கழுத்தின் குறுக்கே பதிக்கும் மெட்டுக்கம்பிகள் இல்லாத பாஸ் கிட்டார். சித்திரவீணையைப் போல, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் பாதை முழுவதும் அதில் கேட்கும். முதல் பாடல் 'கயோட்டி'யைப் போட்டதும் ஜோனியின் கிட்டார் விறுவிறுவென்று ஒரே ஓட்டமாக ஓடுவது கேட்கும். பாஸ் அந்த ஓட்டத்தோடு சேர்ந்து ஓடுவதில்லை. ஓரிடத்தில் ஆழ்ந்த ஒரு சுரத்தை ஊன்றிவிட்டுச் சும்மா இருக்கும். பிறகு மணியடித்தாற்போன்ற மேல்சுரங்களைத் தெளிக்கும். குரல் மூச்சுவிடும் இடம் பார்த்து ஒரு குழைவோடு உள்ளே வரும், சில நேரம் குரல் முடிப்பதற்கு முன்பேயும் வரும். ஒரே திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர், சொல்பவர் முடிக்கும் வரை பொறுக்காமல் தம் பங்குக்கு ஒன்றைச் சொல்லுவதைப் போன்ற வாசிப்பு அது. இளையராஜாவின் பாடல்களில் பாஸ் கிட்டாரைத் தேடித் தேடிக் கேட்டவர்கள் நம் ஊரில் ஏராளம் என்பதால், இந்த இடத்தில் நம்மவர்களுக்கு அதிகப் பயிற்சி வேண்டியிருக்காது.

'கயோட்டி'யை அடுத்து வரும் 'அமீலியா'வில் பாஸும் இல்லை, டிரம்ஸும் இல்லை. ஜோனியின் கிட்டார், லாரி கார்ல்டனின் கிட்டார், விக்டர் ஃபெல்ட்மனின் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி), குரல், அவ்வளவுதான். 1937-இல் பசிபிக் கடலின்மேல் விமானத்தோடு காணாமற்போன அமீலியா ஏர்ஹார்ட்டை விளித்து, தனியே பயணம் செய்யும் இன்னொரு பெண் பேசும் பாட்டு இது. பாஸ் பேசிக்கொண்டே இருந்த பாட்டுக்கு அடுத்து அது அறவே இல்லாத பாட்டை வைத்ததால், அந்தத் தனிமை சொற்களுக்கு முன்பே காதில் விழுந்துவிடுகிறது. இந்த இரண்டு பாடல்களையும் வரிசை மாறாமல் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

மூன்றாவது முறை கேட்கும்போதுதான் பாடல் வரிகளைக் கையில் எடுக்க வேண்டும். அவருடைய அதிகாரபூர்வ இணையதளத்தில் எல்லாப் பாடல்களின் வரிகளும் உள்ளன. வரிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டால் ஒன்று புலப்படும்: ஒரு வரியில் ஏழு சொல், அடுத்த வரியில் பதினான்கு சொல் என்று எழுதிவிட்டு, இரண்டையும் ஒரே தாள அளவுக்குள் அடைக்கிறார், நிறைந்த வரியை நெருக்கி விரைவாகச் சொல்லுகிறார், குறைந்த வரியை இழுத்துத் தாளத்துக்குப் பின்னே விழவிடுகிறார். கானா பாடுபவர் டோலக் அடி விலகாமல் இருக்க, சொற்களைத் திணித்தும் தள்ளியும் பாடிச் சரியான இடத்தில் வந்து விழுவதைக் காசிமேட்டிலும் புளியந்தோப்பிலும் கேட்டவர்களுக்கு இந்த உத்தி அந்நியமாக இராது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. காது செய்ய வேண்டிய வேலை ஒன்று.

மூன்றாம் படி, சற்றுக் கரடுமுரடானது

1977 டிசம்பரில் வந்த 'டான் ஜுவான்ஸ் ரெக்லஸ் டாட்டர்' இரட்டை ஆல்பம். இதில் 'பாப்ரிகா ப்ளெய்ன்ஸ்' என்ற ஒரே பாடல் 16 நிமிடங்களுக்கு மேல் நீண்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. அவர் பியானோவில் கற்பனையாக வாசித்த பகுதிகளை ஒட்டிச் சேர்த்து, அதற்குப் பின்னர் இசைக்குழுவை ஏற்றியிருக்கிறார்கள். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் பரிந்துரைக்கிறேன். சாக்ஸபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டர் அவரோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கியது இந்த ஆல்பத்தில்தான்.

இதன் முதல் அட்டைப்படத்தில் அவர் முகத்தில் கறுப்பு பூசி, கறுப்பின ஆணின் வேடத்தில் தோன்றினார். அது கண்டனத்துக்கு உரியது என்பதே என் நிலை; கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து கற்ற இசைக்கு நன்றி சொல்லும் முறை அதுவாக இருக்க முடியாது. 2024-இல் வந்த மறுவெளியீட்டில் அந்த அட்டை மாற்றப்பட்டது. புதிதாக வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டே கேட்க வேண்டும்.

நான்காம் படி: 'மிங்கஸ்', 1979

சார்லஸ் மிங்கஸ் ஜாஸ் உலகின் பெரும் பாஸ் கலைஞர், இசையமைப்பாளர். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோயால் சக்கர நாற்காலியில் இருந்தபோது, 1978-இல் ஜோனிக்கென்றே மெட்டுகள் அமைத்து, சொல் எழுதித் தரும்படி கேட்டார். ஆல்பம் முடிவதற்கு முன்பே, 1979 ஜனவரி 5 அன்று, மெக்சிகோவில் தம் 56-ஆம் வயதில் காலமானார். அந்த ஆண்டு ஜூனில் ஆல்பம் வெளிவந்தது. ஆறு பாடல்கள், அவற்றுக்கிடையே மிங்கஸின் குரல், வீட்டில் பதிவான பேச்சுத் துணுக்குகளாக வந்துபோகிறது. ஜாக்கோ, வெய்ன் ஷார்ட்டர், பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக், டிரம்ஸ் கலைஞர் பீட்டர் எர்ஸ்கின் ஆகியோர் வாசிக்கிறார்கள்.

இதை நேராகப் போட்டுக் கேட்டுவிட்டு ஒன்றும் பிடிபடவில்லை என்று ஒதுக்கியவர்கள் பலர். அதற்கு ஒரு மாற்றுவழி உண்டு. முதலில் 1959-இல் வெளிவந்த மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்' என்ற ஆல்பத்தைத் தேடி, அதிலுள்ள 'குட்பை போர்க் பை ஹேட்' என்ற மெட்டைச் சொல்லில்லாமல் நான்கைந்து முறை கேட்டு, வாய்க்குள் முணுமுணுக்கும் அளவுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மறைந்த சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்குக்காக மிங்கஸ் அமைத்த இரங்கல் இசை அது. தலைப்பிலுள்ள தொப்பி லெஸ்டர் யங் அணிந்தது. பிறகு ஜோனியின் ஆல்பத்தில் கடைசியாக உள்ள அதே மெட்டைச் சொற்களோடு கேளுங்கள். நியூயார்க் தெருவில் இரண்டு சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்ததையும், அந்த இடத்திலிருந்த மதுக்கடையின் பெயரும் அந்தத் தொப்பியின் பெயராகவே இருந்ததையும் கண்ட பிறகுதான் பாட்டின் இறுதிச் சரணம் தமக்குக் கிடைத்தது என்று அவர் எழுதியிருக்கிறார். இறந்த கலைஞனுக்கு இன்னொரு கலைஞன் பாடிய இசையை, அவனும் இறந்த பிறகு மூன்றாமவர் சொல்வைத்துப் பாடுகிறார். சாவு வீட்டில் விடிய விடிய, போனவரின் பெயரையும் குணத்தையும் சொல்லிப் பாடும் மரண கானாவை அறிந்த ஊருக்கு இந்த ஆல்பத்தின் நோக்கத்தை விளக்க வேண்டியதில்லை. சுரங்களுக்கு மட்டும் பழகிக்கொண்டால் போதும்.

இதற்குப் பின்

1979 செப்டம்பரில் கலிபோர்னியாவில் நடந்த நிகழ்ச்சியின் பதிவான 'ஷேடோஸ் அண்ட் லைட்' 1980-இல் வந்தது. கிட்டாரில் பேட் மெத்தீனி, சாக்ஸபோனில் மைக்கேல் பிரெக்கர், கீபோர்டில் லைல் மேஸ், டிரம்ஸில் டான் அலையஸ், பாஸில் ஜாக்கோ. நிகழ்ச்சி படமாகவும் உண்டு. ஜாக்கோவின் விரல்கள் எப்படி நகர்கின்றன என்று பார்க்க அது உதவும்.

எண்பதுகளின் ஆல்பங்களை இப்போதைக்குத் தாண்டிச் செல்லுங்கள். அந்தக் காலத்து சிந்தசைசர் ஒலிகள் அவருடைய குரலைச் சுற்றி வேலி கட்டியதாகவே நான் உணர்கிறேன். அதற்குப் பதிலாக ஒரே பாடலின் இரண்டு பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். 'போத் சைட்ஸ் நௌ' என்ற பாடலை 1969-இல் 'கிளவுட்ஸ்' ஆல்பத்தில், இருபதுகளின் நடுவில் இருந்தபோது, உயர்ந்த தெளிந்த குரலில் கிட்டாரோடு பாடியிருக்கிறார். 2000-இல் அதே பாடலின் பெயரில் வந்த ஆல்பத்தில், வின்ஸ் மெண்டோசா அமைத்த பெரிய இசைக்குழுவோடு, சிகரெட்டும் வயதும் இறக்கிவிட்ட தாழ்ந்த குரலில், மிக மெதுவாகப் பாடுகிறார். வெய்ன் ஷார்ட்டரின் சாக்ஸபோன் நடுவே வருகிறது. ஆங்கிலம் கொஞ்சமே தெரிந்தவர்களுக்கும் அந்த இரண்டு பதிவுகளின் வேறுபாடு கேட்டவுடன் விளங்கும்.

ஹெர்பி ஹான்காக் ஜோனியின் பாடல்களை எடுத்து 2007-இல் செய்த 'ரிவர்: தி ஜோனி லெட்டர்ஸ்' ஆல்பம், 2008-இல் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. மேற்சொன்னவற்றைக் கேட்டு முடித்தவர்கள் இதை எடுக்கலாம். முன்னதாக எடுத்தால் மெட்டுகளை அடையாளம் காண்பது சிரமம்.

இசைத்தட்டாகவே வாங்க விரும்புவோர், 1985 தீவிபத்துக்குப் பிறகு சென்ட்ரல் அருகே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறிய மூர் மார்க்கெட் கடைகளில் பழைய தட்டுகளைத் துழாவிப் பார்க்கலாம். தட்டைக் கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்து வளைவு உள்ளதா என்றும், வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் உள்ளதா என்றும் பார்த்த பிறகே விலை பேசுங்கள். உறை புதிதாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

கிட்டார் பழகுபவர்களுக்கு ஒரு சொல். 1970-இல் வந்த 'பிக் யெல்லோ டாக்ஸி'யில் அவர் வாசிப்பது ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ என்ற திறந்த சுருதி. இதற்கு மூன்று தந்திகளை வழக்கத்தைவிட மேலே முறுக்க வேண்டியிருப்பதால் பழைய தந்தி அறுந்துபோகக்கூடும். அதற்குப் பதில் ஆறாம் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கும், மூன்றாவதை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கும், இரண்டாவதை பி-யிலிருந்து ஏ-க்கும், முதல் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கும் தளர்த்தி, ஐந்தாவதையும் நான்காவதையும் அப்படியே விட்டு, இரண்டாம் கட்டத்தில், எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை மாட்டினால் அதே சுருதி கிடைக்கும். பிறகு இடக்கையால் எதையும் அழுத்தாமல் ஆறு தந்திகளையும் ஒருமுறை மீட்டிப் பாருங்கள். முழுச் சுரக்கூட்டு ஒன்று தானாகவே ஒலிக்கும். மற்ற பாடல்களின் சுருதி அமைப்புகளும் அவருடைய அதிகாரபூர்வ இணையதளத்தில் பாடல்வாரியாகக் கிடைக்கின்றன.